இருக்கிறன், சேர்

செத்த பெடியன்கள் பதில் சொன்னார்கள் என்பதை அமலதாஸ் ஒருநாளும் சந்தேகித்ததில்லை. இத்தனை வருஷமாக அவனால் நம்ப முடியாமல் இருந்தது வேறொன்று: அந்தப் பதிலுக்காகத் தன் அக்கா ஜெசிந்தா வாக்குச்சீட்டில் அந்த மனிதனுக்குப் புள்ளடி போட்டாள் என்பது. வேறு யாராவது வந்து சொல்லியிருந்தால் பொய் என்று காறித் துப்பியிருப்பான். சொன்னவள் அக்காவேதான், தொலைபேசியில், சோறு கொதிக்கிற சத்தத்துக்கு நடுவில், இன்றைக்கு மீன் படவில்லை என்று சொல்கிற அதே குரலில். ஐம்பது தாண்டிய வயதில், குளிர்நாட்டுக் கோழித் தொழிற்சாலையில் கையுறைக்குள் விரல் விறைக்க நின்றபடி, அவன் அந்தக் கதையை முதலிலிருந்து கடைசிவரை எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் வாக்குப் பெட்டிக்குக் கிட்ட வந்ததும் கதை நின்றுவிடும், சேற்றில் மாட்டின வள்ளம் மாதிரி.

கதை மட்டிக்கரையின் வழக்கம் ஒன்றில் தொடங்குகிறது. மார்கழிப் பனியில் கடல் எது கரை எது என்று தெரியாத விடியல்களில், போன வள்ளங்கள் திரும்புகிற நேரம், பெண்கள் ஈரமணலில் நின்று தங்கள் தங்கள் ஆண்களைப் பேர்சொல்லிக் கூப்பிடுவார்கள், பேரின் வாலை ஓர் அலை உடைந்து அடங்கும் வரைக்கும் இழுத்து. பனிக்குள்ளிருந்து "இருக்கிறன்" என்று குரல் வரும். அம்மாவின் குரலையோ மனைவியின் குரலையோ கயிறு மாதிரிப் பிடித்துக்கொண்டு வள்ளம் கரைக்கு வரும். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கிழிந்தும் பதில் வராதவனுக்குத்தான் கோயிலில் துக்கமணி அடிக்கும். பதில் சொன்னவன் உயிரோடு இருக்கிறவன். அவன் வந்து சேர எவ்வளவு பிந்தினாலும் அவனுக்காக யாரும் அழக்கூடாது, கறுப்பு உடுத்தக்கூடாது, பூசை ஒப்புக்கொடுக்கக்கூடாது. அப்படிச் செய்கிறவள் தன் கையாலேயே அவனைக் கடலுக்குள் தள்ளினவள் ஆவாள். இந்த வழக்கத்தில் ஒரு பிழையும் இல்லை. கடலைத் தவிர வேறு பகை இல்லாத காலத்தில் உண்டான வழக்கம் அது.

பிறகு இராணுவம் வந்தது. பூட்டிக் கிடந்த ஐஸ் கம்பனியை முகாம் ஆக்கியது. ஒருநாள் காலை ஊரைச் சுற்றிவளைத்து, மீசை அரும்பினவர்கள் எல்லாரையும் பிடித்துத் தலையில் சாக்கை மாட்டி அந்த மதிலுக்குள் கொண்டுபோனது. பிடிபட்டவர்களில் ஒருவன் ஜெசிந்தாவின் மகன் கனிசியஸ். புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவளுக்கு அவன் ஒருத்தன்தான். தாய்மார் முள்ளுக்கம்பிக்கு முன்னால் குவிந்து நின்றபோது ஒரு கப்டன் வெளியே வந்தார். மெலிந்த ஆள். மடிப்புக் கலையாத சட்டை. அவர்களுடைய மொழியைப் பாடப்புத்தகம் மாதிரிச் சுத்தமாகப் பேசினார்.

"உள்ளே எல்லோர் முகமும் மூடியிருக்கிறது. யார் யாருடைய பிள்ளை என்று எனக்கு எப்படித் தெரியும்? நீங்களே கூப்பிடுங்கள். பதில் சொல்கிறவனைத் தாயிடம் ஒப்படைக்கிறேன்."

இதைவிட நியாயமான பேச்சை அந்த ஊர் அதுவரைக்கும் ஒரு சீருடையின் வாயிலிருந்து கேட்டதில்லை. பக்கத்து வீட்டுத் திரேசம்மா முதலில் கூப்பிட்டாள், "பெனடிக்" என்று. மதிலுக்குப் பின்னாலிருந்து "இருக்கிறன்" என்று வந்தது. பிறகு ஒருத்தி, பிறகு இன்னொருத்தி. ஜெசிந்தாவும் கூப்பிட்டாள். கனிசியஸ் என்ற பேரை அவள் கடற்கரையில் இழுக்கிற மாதிரியே இழுத்தாள், அவனும் பனிக்குள்ளிருந்து சொல்கிற மாதிரியே சொன்னான். கப்டன் ஒன்றையும் எழுதவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு பேருக்கும் உதட்டை மட்டும் அசைத்து, இராகத்தோடு சேர்த்து மனப்பாடம் பண்ணிக்கொண்டு நின்றார்.

"எங்கட வாயாலதான் தம்பி குடுத்தம்," என்று இந்த இடத்தில் அக்கா எப்போதும் சொல்லுவாள். "பறிச்சதெண்டு சொல்லேலாது."

அடுத்தநாள் முகாமில் ஒருவரும் இல்லை. முற்றம் கழுவிவிடப்பட்டிருந்தது. எல்லாரையும் பின்பக்கக் கேற்றால் விட்டாயிற்று, பிள்ளைகள் வீட்டுக்கு வரவில்லை என்றால் அது வீட்டுப் பிரச்சினை என்று கப்டன் சொன்னார். ஊர் பின்கேற்றுக்கு ஓடியது. பின்கேற்றுக்கு வெளியே கடல்தான் இருந்தது.

சில நாள் கழித்து, காலை அணிவகுப்பில் சிப்பாய்களின் பேரைக் கூப்பிட்டு முடித்த கப்டனின் வாய் மூட மறுத்தது. அது தன்பாட்டில் திறந்து, மட்டிக்கரைப் பெண்களின் இராகத்தில், "பெனடிக்" என்று கூப்பிட்டது. வெறும் முற்றத்திலிருந்து, ஆள் இல்லாத இடத்திலிருந்து, சிப்பாய்கள் அதிகாரிக்குச் சொல்கிற மாதிரியே, "இருக்கிறன், சேர்" என்று பதில் வந்தது. ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டது, ஒவ்வொரு பேருக்கும் பதில் வந்தது. சிப்பாய்கள் விறைத்து நின்றார்கள், ஏனென்றால் அணிவகுப்பில் அசையக்கூடாது. கம்பிக்கு வெளியே மீன்கூடையோடு போய்க்கொண்டிருந்த திரேசம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, மகனின் குரல் ஓய்ந்த பிறகுதான் மீனை மொய்த்த காக்காய்களைத் துரத்தினாள்.

மறுநாள் எல்லாத் தாய்மாரும் அங்கே நின்றார்கள். அதற்கடுத்த நாள் உட்கார வாங்கு கொண்டுவந்தார்கள். ஒரு மாதத்துக்குள் கம்பியோரம் தேத்தண்ணிக் கடை வந்துவிட்டது, பள்ளிக்கூட பஸ் அங்கே ஒரு தரிப்பு வைத்துக்கொண்டது, பங்குச்சாமி காலைப் பூசையை அரைமணி பிந்திவைத்தார், இல்லாவிட்டால் பூசைக்கு ஆள் இல்லை. யாருடைய மகன் எப்படிச் சொன்னான் என்பதுதான் அன்றன்றைய ஊர்ச் செய்தி.

"இண்டைக்கு என்ர பெடியனுக்குத் தடிமன் போல கிடக்கு. மூக்கால சொன்னவன்."

"உன்ர பெடியன் எண்டைக்கடி மூக்கால சொல்லாமல் விட்டவன்? பிறக்கேக்கயே மூக்காலதானே அழுதவன்."

சிரித்தார்கள். சிரித்தது குற்றம் மாதிரி உடனே அடங்கினார்கள். பிறகு கொத்தமல்லி அவித்துப் போத்தலில் ஊற்றிக் காவல்சிப்பாயிடம் கொடுத்தார்கள், பிள்ளைக்குக் கொடுக்கச் சொல்லி. காவல்சிப்பாய் வாங்கிக் குடித்தான். குரல் மறுநாள் தெளிந்திருந்தது என்று அந்தத் தாய் சத்தியம் பண்ணினாள்.

தாங்களே கூப்பிட்டுப் பார்க்க ஒருத்திக்கும் துணிவு வரவில்லை. பதில் வராவிட்டால் துக்கமணி அடிக்க வேண்டும். கப்டன் கூப்பிட்டால் பதில் வருகிறது. ஆகவே கப்டன் கூப்பிடட்டும். அவருக்கு ஊர் வைத்த பேர் கூப்பிடுகிறவர்.

"அவர், இவர் எண்டு சொல்லாத அக்கா," என்று அமலதாஸ் தொலைபேசியில் கத்துவான். "அவன் எண்டு சொல்லு. கொலைகாரன் எண்டு சொல்லு."

"மரியாதை குறைஞ்சா சத்தம் குறையுது தம்பி. அங்க இருக்கிற உனக்கு அது விளங்காது."

கப்டன் மேஜர் ஆனார். அன்றைக்குத்தான் ஊர் அந்த விஷயத்தைக் கண்டுபிடித்தது. அதை வாயால் சொன்னவர் சவிரியான் சம்மாட்டி, நாலு வள்ளத்துக்குச் சொந்தக்காரர், தன் பேரனைப் பறிகொடுத்தவர்.

"கவனிச்சனீங்களா? கப்டனா இருக்கேக்க சத்தம் கிணத்துக்குள்ள இருந்து வந்த மாதிரி. இப்ப மதிலுக்குப் பின்னால நிண்டு சொல்லுற மாதிரி. அவற்ற தோளில இன்னும் ஒரு சின்னம் குத்தினாங்களெண்டா பெடியள் கம்பிக்குக் கிட்ட வந்திடுவாங்கள்."

"அப்ப ஜெனரலாக்கினா?" என்றாள் திரேசம்மா.

"வீட்டுப் படலைக்கு."

"அதுக்கும் மேல?"

"அதுக்கும் மேல என்ன கிடக்கு, ஜனாதிபதிதான். அவர் ஜனாதிபதியாகிக் கூப்பிட்டா பெடியள் உடம்போட வந்து நிப்பாங்கள்."

முதல் தடவை சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். இரண்டாம் தடவை ஒருவரும் சிரிக்கவில்லை.

இப்படித்தான் மட்டிக்கரை தன் பிள்ளைகளைத் தின்றவனை உயர்த்தத் தொடங்கியது. எங்கள் அதிகாரிக்குப் பதவி உயர்வு கொடுங்கள் என்று தலைநகருக்குத் தந்தி மேல் தந்தி அடித்தார்கள். சுற்றிவளைக்கப்பட்ட ஊர் ஒன்று சுற்றிவளைத்தவனுக்குப் பரிந்துபேசுவதை மந்திரிகள் அதுவரை கண்டதில்லை. இடமாற்றம் வந்தபோது தாய்மார் அவருடைய ஜீப்புக்கு முன்னால் தெருவில் படுத்தார்கள். அந்தப் படம் பத்திரிகையில் வந்தது, மக்களின் மனதை வென்ற வீரர் என்று கீழே எழுதி. படத்தில் ஜெசிந்தாவின் முகம் தெரிந்தது. வாய் திறந்திருந்தது. அழுகிறாளா கூப்பிடுகிறாளா என்று சொல்ல முடியாது. அந்தப் படத்தைப் பார்த்த அன்றைக்கு அமலதாஸ் தொழிற்சாலையில் சுவரைக் குத்தி விரலை உடைத்துக்கொண்டான். அந்த நாட்டு மருத்துவரிடம் என்ன நடந்தது என்று சொல்ல அவனுக்கு மொழி போதவில்லை. எந்த மொழியும் போதாது என்றுதான் இப்போது நினைக்கிறான்.

அவர் கேணல் ஆனார், குரல்கள் கம்பிக்கு வந்தன. பிரிகேடியர் ஆனார், தெருவைத் தாண்டி வந்தன. ஜெனரலாகி, முழுப் படைக்கும் தளபதியாகித் தலைநகருக்குப் போன பிறகும் மாதத்தில் ஒரு காலை ஹெலியில் வந்திறங்கிக் கூப்பிட்டார். அப்போது ஒவ்வொரு தாயும் தன் தன் வீட்டுப் படலையில் நின்றாள். படலைக்கு அந்தப் பக்கம், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், "இருக்கிறன், சேர்." கன்னத்தில் மூச்சுப் பட்டது என்று ஜெசிந்தா சொன்னாள். மகன் போன வயதிலேயே குரல் நின்றுவிட்டது, உடையவில்லை, தடிக்கவில்லை என்றும் சொன்னாள்.

இதற்கிடையில் தலைநகரிலிருந்து ஒரு வழக்கறிஞர் வந்தார், நேர்மையான மனிதர், நெஞ்சுவருத்தக்காரர். காணாமல் போனவர்களைக் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லி வழக்குப் போட்டார். நீதவான் ஊருக்கே வந்து வீடு வீடாக முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தார். தளபதி கூப்பிட்டார். பதில் வந்தது. நீதவான் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, வேதாகமத்தில் கைவைத்து நின்ற ஜெசிந்தாவைக் கேட்டார்.

"இந்தக் குரல் உம்முடைய மகனுடையதா?"

"ஓம் ஐயா."

"நிச்சயமாகவா?"

"பெத்தவளுக்குத் தெரியாதோ ஐயா?"

பதில் சொல்கிறவர்களைக் காணாமல் போனவர்கள் என்று கருத முடியாது என்று தீர்ப்பு வந்தது. எல்லாத் தாய்மாரும் ஒன்றையே சொன்னார்கள். வழக்கு அவர்களுடைய வாயாலேயே செத்தது. வழக்கறிஞர் காருக்குள் ஏறுமுன் ஜெசிந்தாவிடம் வந்தார்.

"அம்மா, இல்லையெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா அவரை உள்ளுக்குப் போட்டிருக்கலாம்."

"பதில் சொன்ன பிள்ளையை எந்த வாயால ஐயா இல்லையெண்டு சொல்லுறது?"

அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

அதன்பிறகு தளபதிக்கும் நாற்காலிக்கும் இடையில் ஒன்றும் நிற்கவில்லை. சீருடையைக் கழற்றி வெள்ளை உடுத்தார். தேர்தல் மேடைகளில் மட்டிக்கரைத் தாய்மாரை வரிசையாக உட்காரவைத்தார். சொந்தப் பிள்ளைகளைப் போரில் விட்ட வேறு ஊர்ப் பெண்களும், வேறு மொழி பேசுகிறவர்களும், அந்த மேடைகளுக்கு முன்னால் வந்து நின்றார்கள். எங்கள் பிள்ளையையும் கூப்பிடுவாரா என்று கேட்டார்கள். கூப்பிடுவார் என்றார்கள் கட்சிக்காரர்கள். ஒரு நாடு முழுக்கத் தாய்மார் வீட்டுச் சுவரில் அவருடைய சிரிப்பை ஒட்டினார்கள். ஜெசிந்தா, கனிசியஸ் கோயிலில் முதல்நன்மை வாங்கின நாள் எடுத்த படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினாள்.

"உனக்கு விசரே?" என்றான் அமலதாஸ். "அவன்தான் கொண்டவன் எண்டு உனக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

"பிறகு?"

"தெரிஞ்சு என்ன செய்ய? நீ கூப்பிடு, அவன் பதில் சொல்லட்டும், நான் உனக்குப் போடுறன் புள்ளடி."

அவன் தொலைபேசியை வைத்தான். பிறகு பல வருஷம் எடுக்கவில்லை.

அவர் ஜனாதிபதி ஆனார். பதவியேற்ற பிறகு முதல் பயணம் மட்டிக்கரைக்குத்தான் என்று வானொலி சொன்னது. ஊர் அப்படி ஒரு ஆயத்தத்தை எந்தப் பெருநாளுக்கும் செய்ததில்லை. இறைச்சி வாங்கினார்கள், பாய் வாங்கினார்கள், மருமகள் பார்த்து வைத்தார்கள். ஜெசிந்தா நீலச் சட்டை ஒன்றைத் தைப்பித்து மடிப்புப்பட மினுக்கி வைத்தாள். செருப்புக் கடையில் நெடுநேரம் நின்றாள். குரல் வளரவில்லைத்தான், கால் வளர்ந்திருக்குமோ என்று கடைக்காரனைக் கேட்டாள். கடைக்காரன் இரண்டு அளவிலும் கொடுத்து, சரிவராததைத் திருப்பித் தாருங்கோ அக்கா என்றான். அவனும் பெனடிக்கோடு படித்தவன்தான்.

ஐஸ் கம்பனி முற்றத்தில் மேடை. தாய்மார் முன்வரிசையில், மடியில் சட்டையோடும் செருப்போடும். ஜனாதிபதி பேசினார். புதிய துறைமுகம் பற்றி, கார்ப்பெற் வீதி பற்றி, சுற்றுலா விடுதி பற்றி. ஒரு மணிநேரம் பேசினார். நன்றி சொன்னார். கைகூப்பினார். கூப்பிடவில்லை.

திரேசம்மா எழும்பினாள். "சேர், கூப்பிடுங்கோ சேர்!"

மற்றவர்களும் எழும்பினார்கள். "கூப்பிடுங்கோ! கூப்பிடுங்கோ!"

ஜனாதிபதி சிரித்தபடி பக்கத்தில் நின்ற செயலாளரிடம் குனிந்தார். ஒலிவாங்கி திறந்தே இருந்தது. ஊர் முழுக்கக் கட்டியிருந்த ஒலிபெருக்கிகளில், கோயில் கோபுரத்திலும் மீன்சந்தையிலும் பள்ளிக்கூடக் கூரையிலும், அந்தக் குரல் தெளிவாகக் கேட்டது.

"என்ன கேட்கிறார்கள்?"

"பெயர்களைக் கூப்பிடச் சொல்கிறார்கள், சேர்."

"எந்தப் பெயர்கள்?"

அவர் நடிக்கவில்லை. அவருக்கு உண்மையாகவே மறந்துபோயிருந்தது. மாட்டிக்கொள்ளுவோம் என்ற பயம் இருக்கிறவரைக்கும் நினைவு இருந்தது, நீதிமன்றம் பயத்தை எடுத்துவிட்டது, நாற்காலி மிச்சத்தை எடுத்துவிட்டது. அந்தப் பெடியன்கள் இந்த உலகத்தில் தங்கியிருந்த ஒரே இடம் அவர்களைக் கொன்றவனின் ஞாபகம். அந்த இடத்தையும் அவன் வெள்ளை உடுத்து நாற்காலியில் ஏறின அன்றைக்கே கழுவி விட்டுவிட்டான், முற்றத்தைக் கழுவின மாதிரி. அதற்காக ஒரு ஊர் தெருவில் படுத்தது. அதற்காக ஒரு ஊர் நீதிமன்றத்தில் வாய் திறந்தது. ஒரு நாடு வரிசையில் நின்றது.

தாய்மாருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் ஒவ்வொருத்தியும் தன் பிள்ளையின் பேரை அவரை நோக்கிக் கத்தத் தொடங்கினாள், ஞாபகப்படுத்த. "பெனடிக் சேர்! பெனடிக்! சொல்லுங்கோ, பெனடிக்!" சம்மாட்டி பேரனின் பேரைச் சொல்லிக்கொண்டு மேடையில் ஏறப்போய்ப் பிடரியில் அடிவாங்கி விழுந்தார். பேர்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து புரண்டன. ஜனாதிபதி ஒலிவாங்கியைப் பிடித்து, காதில் விழுந்த ஒன்றை எடுத்து, அறிவித்தல் வாசிக்கிற மாதிரி, "பெனடிக்" என்றார்.

கடல் இரைந்தது. ஒரு காக்காய் பந்தலை விட்டுப் பறந்தது. வேறு ஒன்றும் இல்லை.

அவர் தோளை அசைத்தார். பிறகு கூட்டம் தன்னை வாழ்த்துவதாக நினைத்து இரண்டு கையையும் உயர்த்தி அசைத்தார். அப்படியே ஹெலியில் ஏறும்வரை அசைத்துக்கொண்டு போனார். தொலைக்காட்சியில் அது வாழ்த்தொலி என்றுதான் வந்தது. குளிர்நாட்டில் அமலதாஸும் அதைப் பார்த்தான். துக்கமணி அன்று மாலை தொடங்கிப் பொழுது விடியும்வரை அடித்தது என்பதை, பல வருஷம் கழித்து மறுபடி தொலைபேசியை எடுத்தபோதுதான் அவன் அக்காவிடமிருந்து கேள்விப்பட்டான்.

இவ்வளவும் ஜெசிந்தா சொன்னதுதான். இப்போது அமலதாஸ் விமானமேறி வந்து, அவளுடைய வீட்டு வாசலில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்துகொண்டு, அவள் வாயாலேயே இன்னொரு தடவை கேட்டுவிட்டான். அவள் சூடை மீனின் வயிற்றைக் கிழித்துக் குடலை எடுத்துக்கொண்டே சொன்னாள். மயிர் வெளுத்திருந்தது. கறுப்பு உடுத்தியிருந்தாள்.

நீ ஏன் போட்டாய் என்று கேட்கத்தான் அவன் இவ்வளவு தூரம் வந்தான். அந்தக் கோபத்தை வருஷக்கணக்காகத் தீனி போட்டு வளர்த்திருந்தான். ஆனால் அவளுடைய விரல்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, தனக்கு அந்தக் கேள்வியைக் கேட்க என்ன உரிமை என்று தோன்றியது. கூப்பிட்டால் பதில் வருகிற இடத்தில் அவன் ஒருநாளும் நின்றதில்லை. நின்றிருந்தால் தானும் தெருவில் படுத்திருக்க மாட்டானா? மாட்டேன் என்று உடனே மனம் சொன்னது. அவ்வளவு விரைவாக வந்த பதிலை அவன் நம்பவில்லை.

அப்போதுதான் வேறொன்று பிடிபட்டது. மேடைக்கு முன்னால் யார் யார் எந்தப் பேரைக் கத்தினார்கள் என்று அக்கா ஒவ்வொரு தடவையும் சொல்லியிருக்கிறாள், திரேசம்மாவை, சம்மாட்டியை, சந்தியில் இட்டலி விற்கிறவளைக்கூட. தன்னைப் பற்றி ஒரு தடவையும் சொன்னதில்லை. ஜனாதிபதிக்கு அந்தப் பேர்கள் மறந்துபோனது என்று தெரிந்த பிறகு, அந்த முன்வரிசையில், மடியில் நீலச் சட்டையோடு அவள் என்ன செய்தாள் என்று கதையில் இல்லவே இல்லை.

"அக்கா."

"ம்."

"எல்லாரும் கத்தேக்க," என்றான் அமலதாஸ். அவன் குரல் அவனுக்கே வேறு யாருடையதோ மாதிரிக் கேட்டது. "முதல் கம்பியடியில குடுத்த மாதிரி, நீ கனிசியஸின்ர பேரை அவனுக்குத் திருப்பியும் குடுத்தனியா?"